பழைய காரின் பற்றரி, கேபிள், எர்த்: வன்னியில் மொரிஸ், ஒஸ்ரின் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரணைமடுக் குளம் வான் பாயுமளவுக்கு நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் சேறும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. அதற்காகக் குளக்கட்டை இன்னும் உயர்த்த வேண்டும் என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குத்தான் போவார். கார் என்று வந்தால் மட்டும் ஏனோ எங்கள் ஆட்கள் நேரே பற்றரிக் கடைக்குப் போகிறார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். என்னுடைய மொரிஸ் மைனருக்கு ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி வாங்கினேன். இரண்டும் நல்ல பற்றரிகள். பிழை எங்கே இருந்தது என்றால், கராஜ் ஒன்றில் காருக்குப் பெயின்ற் அடித்தபோது எர்த் பட்டி, அதாவது பற்றரியின் ஒரு முனையைக் காரின் பொடியோடு (இரும்பு உடலோடு) இணைக்கும் பட்டி, பூட்டும் இடத்துக்கும் சேர்த்து அழகாக அடித்து, அதற்கு மேலேயே பட்டியை வைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள். பெயின்றுக்குள்ளால் மின்சாரம் போகாது. ஒரு சாண்ட்பேப்பர்த் துண்டால் தீரவேண்டிய வேலைக்கு இரண்டு பற்றரிக் காசு போனது.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 டெவன், சமர்செற், பிறகு வந்த கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற பிரித்தானியக் கார்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். டெவன் 1947இலும் மைனர் 1948இலும் வந்தவை. கடைசி மைனர் 1971இல் செய்யப்பட்டது. ஆக, மிக இளைய மைனருக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. அதற்குமேல் எங்கள் பக்கத்துக் கார்களுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சப் பெற்றோலை ஊற்றி உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரமே இல்லாத, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட நாட்களில், கிடைத்த வயரைக் கிடைத்த இடத்தில் முறுக்கித்தான் ஓடினார்கள். அந்த ஒட்டுகளில் பல இன்னும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கும் அவற்றை நம்பி ஓடத் தேவையில்லை.

தொடுவதற்கு முன்: எந்த முனை எர்த்?

மற்ற எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இன்று றோட்டில் ஓடும் வாகனங்களில் பற்றரியின் மைனஸ் முனைதான் பொடியோடு பூட்டப்பட்டிருக்கும். பழைய பிரித்தானியக் கார்களில் இது மறுவளம்: பிளஸ் முனை பொடியோடு இருக்கும். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதி தாண்டும்வரை அவர்களின் வழக்கம் அதுதான். டைனமோ பூட்டிய மைனர் கடைசிவரை பிளஸ் எர்த்தாகவே வந்தது. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் புத்தகத்தை நம்பாமல் பொனற்றைத் தூக்கிப் பாருங்கள். பற்றரியிலிருந்து போகும் இரண்டு தடித்த கேபிள்களில் எது பொடியின் இரும்பில் நேரே பூட்டப்பட்டிருக்கிறதோ, அது எந்த முனையிலிருந்து வருகிறதோ, அதுதான் உங்கள் எர்த். மற்றது ஸ்டாட்டர் சுவிச்சுக்குப் போகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஒட்டுசுட்டானில் ஒரு பெரியவரின் ஏ40க்குப் பற்றரி கழற்றும்போது அவர் கேட்டார்: "தம்பி, மைனஸைத்தானே முதல்ல கழட்டுறது?" வேலை பழகிய எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். "ஐயா, உங்கட காருக்கு அது மாறி. பிளஸைத்தான் முதல்ல கழட்டவேணும்" என்றேன். விதி மைனஸ் பற்றியது அல்ல, எர்த் பற்றியது. எர்த் முனை எதுவோ, அதை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். பிளஸ் எர்த் காரில் மைனஸை முதலில் கழற்றப்போனால், ஸ்பானரின் மறுமுனை பொடியில் பட்ட கணத்தில் பற்றரி முழுவதும் அந்த ஸ்பானருக்குள்ளால் பாயும். ஸ்பானர் சிவந்து ஒட்டிக்கொள்ளும். மோதிரம், கைச்சங்கிலி போட்டிருந்தால் விரலும் சேர்ந்து வேகும். கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பற்றரியிலிருந்து வரும் வாயு ஐதரசன், அது வெடிக்கும். பீடியை அணைத்துவிட்டு வாருங்கள்.

எர்த் எது என்று கண்டுபிடித்ததும் பொனற்றின் உட்பக்கத்தில் பெயின்றால் பெரிதாக எழுதிவிடுங்கள்: "இந்தக் கார் பிளஸ் எர்த்". நாளைக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பொனற்றைத் திறப்பவர் வாசிக்கட்டும்.

கையில் இருக்கவேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ரிமீற்றர் போதும், விலை கூடியது தேவையில்லை. இரண்டு பக்கமும் வயர் நீட்டிய ஒரு 12 வோல்ற் பல்ப். வயர் பிரஷ், சாண்ட்பேப்பர், ஸ்பானர்கள், வாஸ்லின் ஒரு டப்பி, அப்பச்சோடா ஒரு பக்கற். மீற்றர் இல்லாவிட்டாலும் கைவிடாதீர்கள். கையாலேயே பிழை பிடிக்கும் வழி ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: பற்றரி முனைகள்

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு கிளாஸ் வெந்நீரில் இரண்டு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். பொங்கி அடங்கும். பற்றரியின் மூடிகளை இறுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் அசிற் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள்.

கிளாம்பை மெதுவாகக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் ஸ்குரூட்ரைவரை அடியில் கொடுத்து நெம்ப வேண்டாம். பற்றரியின் முனை உள்ளேயே ஆடிப்போகும், பிறகு அந்தப் பற்றரிக்கு ஆயுள் இல்லை. போல்ற்றைத் தளர்த்தி, வாயை விரித்து, திருகித் திருகி எடுக்க வேண்டும். முனையின் வெளிப்பக்கமும் கிளாம்பின் உட்பக்கமும் ஈயம் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறம் இருக்கும்வரை வேலை முடியவில்லை. பூட்டி இறுக்கிய பிறகுதான் வாஸ்லின் பூச வேண்டும், இடையில் அல்ல.

இனி, எங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி காணும் ஒரு விசயம். சிறிய ஜப்பான் கார்களுக்கு வரும் பற்றரிகளில் முனை மெலிசு. பழைய காரின் கிளாம்ப் பெரியது. இரண்டையும் சேர்க்க இடையில் ஒரு ஆணியை இறக்கி அடித்துவிடுவார்கள், அல்லது தகரத்தை மடித்துச் செருகுவார்கள். கார் அன்றைக்கு ஓடும். கிரவல் றோட்டில் நாலு நாள் குலுங்கினால் ஆணி ஒரு பக்கம், கிளாம்ப் ஒரு பக்கம். மெலிந்த முனையைத் தடிப்பாக்கப் போடும் ஈய வளையம் பற்றரிக் கடைகளில் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பிளஸ் முனையும் மைனஸ் முனையும் ஒரே பருமன் அல்ல, பிளஸ் எப்போதும் சற்றுத் தடிப்பு. பிளஸ் எர்த் காரில் எர்த் கிளாம்ப்தான் பெரிய கிளாம்ப். பற்றரியை மாறிப் பூட்டப் போனால் கிளாம்ப் சரியாக உட்காராது. அது ஒரு எச்சரிக்கை, சுத்தியலை எடுக்காதீர்கள்.

பற்றரி வாங்கும்போது முனைகள் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே அளவிலேயே பிளஸ் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக இரண்டு வகை விற்கிறார்கள். தவறான பக்கத்தை வாங்கினால் கேபிள் எட்டாது. எட்டவில்லை என்று இழுத்துப் பூட்டிய கேபிள் ஒருநாள் அறும்.

சில பழைய கார்களில் கிளாம்ப் இல்லை; தொப்பி மாதிரி ஒரு ஈயக் கவசம் முனையின்மேல் கவிழ்ந்து, நடுவில் ஒரு ஸ்குரூவால் இறுக்கப்பட்டிருக்கும். பார்க்க அசலாக, அழகாக இருக்கும். ஆனால் ஸ்குரூ தன் துளையை ஈயத்தில் பெரிதாக்கிக்கொண்டே போகும், பிறகு தொப்பி சும்மா உட்கார்ந்திருக்கும். கண்காட்சிக்குக் கார் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொள்ளட்டும். முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் ஓடுபவர் கிளாம்புக்கு மாறுவதே நல்லது.

பற்றரிக்குத் தண்ணீர் விடும் வகை என்றால், எங்கள் வெயிலுக்கு மாதம் ஒருமுறை மூடி திறந்து பாருங்கள். பற்றரித் தண்ணீர் என்று போத்தலில் விற்பதை மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படியவைக்கும் தண்ணீர் பற்றரித் தகட்டுக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். அசிற்றும் விடக்கூடாது, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே.

எர்த் பட்டிகள்: பாதிப் பிழைகளின் வீடு

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். பற்றரியிலிருந்து பொடிக்கு ஒரு பட்டி, பொடியிலிருந்து என்ஜினுக்கு இன்னொரு பட்டி. முதலாவதை எல்லாரும் பார்ப்பார்கள், கண்முன்னே இருக்கிறது. இரண்டாவதை மறந்துவிடுவார்கள். என்ஜின் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பருக்குள்ளால் மின்சாரம் போகாது. அதனால்தான் செம்புப் பின்னல் பட்டி ஒன்று வேண்டும். மைனரில் அதைக் காருக்கு அடியில் கியர்பொக்ஸ் பக்கம் தேடுங்கள். அங்கே எண்ணெயும் செம்மண்ணும் குழைந்து ஒரு படலமே கட்டியிருக்கும். கியர்பொக்ஸ் இறக்கி ஏற்றிய காரில் அந்தப் பட்டியைத் திரும்பப் பூட்டாமலே விட்டிருப்பதும் உண்டு.

பட்டி இல்லாவிட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். சோக் கேபிள், அக்சிலேட்டர்க் கம்பி என்று என்ஜினையும் பொடியையும் தொடும் எதற்குள்ளாலும் பாயும். ஸ்டாட்டர் இழுக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது, அதன் உறை உருகியிருக்கிறது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். என்ஜின் எர்த் இல்லை. சோக் கேபிளை மாற்றிப் பயனில்லை, புதியதும் எரியும்.

செய்யவேண்டியது இதுதான். பட்டியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். அது தொடும் இரும்பில் ஒரு சதக் காசளவு இடத்தைப் பெயின்ற், துரு எல்லாம் போய் வெள்ளிபோல மினுங்கும்வரை சுரண்டுங்கள். போல்ற்றின் தலையடியையும் சுரண்டுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, பிறகு வெளிப்பக்கம் கிறீஸ் பூசுங்கள். பின்னல் பட்டி கறுத்து, கையால் வளைக்கும்போது மொறுமொறுத்தால் அது செத்துவிட்டது. என்ஜினுக்கு மேலேயே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இன்னொரு பட்டி கூடுதலாகப் பூட்டினாலும் ஒரு குறையுமில்லை. நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

அளந்து பார்ப்பது எப்படி

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கேபிளின் ஒரு முனையில் பற்றரி, மறுமுனையில் ரெஸ்ற் பல்ப். பல்ப் பளிச்சென்று எரிகிறது, கேபிள் நல்லது என்று முடிவு. ஆனால் உள்ளே எல்லா இழைகளும் அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் பல்ப் எரியும். பல்ப் கேட்பது அரை அம்பியர், இரண்டு அம்பியர். ஸ்டாட்டர் கேட்பது நூறு, இருநூறு. ஓம் கணக்கில் வைத்து மீற்றரால் பார்த்தாலும் தெரியாது. மீற்றரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒரு மோசமான இணைப்பில் 0.02 ஓம் தடை. ஒன்றுமில்லை போலிருக்கும். 150 அம்பியர் அதற்குள்ளால் போனால் 0.02 தர 150, ஆக 3 வோல்ற் அந்த இடத்திலேயே தொலைந்தது. மூன்று வோல்ற்றும் 150 அம்பியரும் சேர்ந்தால் 450 வாற் சூடு. ஒரு இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் பாதி, ஒரு போல்ற்றின் அடியில். ஸ்டாட்டருக்கு மிஞ்சுவது முனகல்தான்.

அதனால் ஸ்டாட்டர் இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும். இழுவைக் குமிழ் உள்ள மைனரில் இது சுலபம்: திறப்பைப் போடாமலே குமிழை இழுத்தால் என்ஜின் சுற்றும், பற்றாது. திறப்பால் ஸ்டார்ட் ஆகும் காரில் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹான்ட்பிரேக் இழுத்தபடி. உள்ளே ஒருவர் இருந்து ஐந்து செக்கன் இழுக்கட்டும், நீங்கள் மீற்றரைப் பிடியுங்கள். மீற்றர் 20 வோல்ற் டீசியில்.

முதலில் கார் சும்மா நிற்கும்போது பற்றரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைந்த பற்றரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். இல்லையென்றால் கீழே வரும் அளவுகளுக்கு அர்த்தமில்லை.

இப்போது இழுக்கும்போது அதே முனைகளில், கிளாம்பில் அல்ல ஈயத்திலேயே, அளவு எவ்வளவு? 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டாட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. 10க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பற்றரி தன் வேலையைச் செய்கிறது. வாய்க்கால்தான் அடைப்பு.

அடைப்பைப் பிடிக்க, மீற்றரின் ஒரு குச்சியைப் பற்றரியின் எர்த் முனை ஈயத்தில் வைத்து, மற்றதை ஸ்டாட்டரின் உடலில் ஒரு சுத்தமான இடத்தில் வையுங்கள். இழுக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ற்றுக்குள் இருந்தால் எர்த் வழி நல்லது. 1, 2 என்று காட்டினால் துண்டு துண்டாகப் பாருங்கள்: முனையிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து பொடிக்கு, பொடியிலிருந்து என்ஜினுக்கு. எந்தத் துண்டில் வோல்ற் குதிக்கிறதோ அங்கேதான் பிழை. ஒரு தனி இணைப்பில் 0.1க்கு மேல் வரக்கூடாது. அதேபோல மற்ற முனையிலிருந்து ஸ்டாட்டரின் தடித்த போல்ற்வரை பாருங்கள். சுவிச்சையும் சேர்த்து அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். சுவிச்சின் இரண்டு பக்கத்துக்கும் இடையில் மட்டும் அளந்தால் அதன் உட்செம்பு கருகியதும் தெரிந்துவிடும். மைனஸ் அடையாளம் காட்டினால் குழம்ப வேண்டாம். குச்சிகள் மாறியிருக்கின்றன, எண் அதேதான்.

மீற்றர் இல்லையா? பத்து செக்கன் இழுத்துவிட்டு உடனே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல இணைப்புக் குளிர்ந்தே இருக்கும். சுடும் இணைப்புத்தான் கள்ளன்.

புதுக் கேபிள் செய்வது

கேபிளின் உறை முனைக்குப் பக்கத்தில் வீங்கி, அழுத்தினால் மொறுமொறுக்கிறது என்றால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகியிருக்கிறது. முனையை மட்டும் வெட்டி மாற்றிப் பயனில்லை. உறையை உரித்துக்கொண்டே போங்கள், செம்பு செம்பாகத் தெரியும் இடம்வரை. பெரும்பாலும் அப்படி ஓர் இடம் வராது.

35 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் கேபிள் இதற்கு மிக நல்லது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வெல்டிங் சாமான் கடைகளில் கேளுங்கள். இழைகள் மெல்லியவை, குலுங்கினாலும் உடையா. கவனம், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளும் சந்தையில் உண்டு. வெட்டுமுகத்தைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். மலிவான ஜம்ப் கேபிளை வெட்டிப் பாவிக்கவே வேண்டாம். தடிப்பு முழுவதும் ரப்பர்தான்.

முனைக்கு லக் (போல்ற்றில் மாட்டும் உலோகக் கண்) போடும்போது அதற்குரிய அழுத்தும் கருவியால் அழுத்துங்கள். மின்வேலை செய்பவர்களிடம் இருக்கும், கேட்டால் அழுத்தித் தருவார்கள். ஈயம் மட்டும் ஊற்றிவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இணைப்புச் சூடானால் ஈயம் இளகும். ஈயம் ஏறி விறைத்த இடத்தில் இழைகள் உடையும்.

குமிழை இழுத்தால் என்ன சத்தம்?

ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஸ்டாட்டரை இழுத்துப் பாருங்கள். லைற் கொஞ்சமும் மங்கவில்லை, ஸ்டாட்டரும் அசையவில்லை என்றால் மின்சாரம் ஸ்டாட்டருக்குப் போகவே இல்லை: சுவிச், அல்லது அதிலிருந்து ஸ்டாட்டருக்குப் போகும் கேபிள், அல்லது என்ஜின் எர்த். லைற் ஒரேயடியாக அணைந்துபோனால் பற்றரி முனையில் கிளாம்ப் பொய்யாக நிற்கிறது. லைற் நன்றாக மங்கி, ஒரு "டக்" என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றுவிட்டால் ஸ்டாட்டரின் பல்லுச் சில்லு பிளைவீலில் சிக்கியிருக்கலாம். நாலாம் கியரைப் போட்டு, திறப்பை எடுத்துவிட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், விடுபடும். ஸ்டாட்டரின் பின்முனையில் மூடிக்குள் சதுரத் தண்டு இருந்தால் ஸ்பானரால் திருகியும் விடுவிக்கலாம். அடிக்கடி சிக்கினால் சில்லு ஓடும் தண்டைக் கழுவுங்கள். அங்கே கிறீஸோ எண்ணெயோ போடக்கூடாது, புழுதியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

டைனமோ சார்ஜ் பண்ணுகிறதா?

பழைய மைனரின் டைனமோ 19 அல்லது 22 அம்பியர்தான் தரும், அதுவும் ஓடும்போது. சந்தியில் நிற்கும்போது ஒன்றும் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 60 வாற் ஹலோஜன் இரண்டு போட்டால் அதுவே 10 அம்பியர். மேலதிகமாக ஹோர்ன், பாட்டு, கல்யாணத்துக்குச் சோடித்த லைற் என்று சேர்த்தால் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பற்றரி முனைகளில் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் எல்லாம் நலம். காட்டாவிட்டால் முதலில் பெல்ற்றைப் பாருங்கள். பிறகு டைனமோவிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, டி, எஃப் என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். என்ஜினை மெதுவாகக் கூட்டும்போது வோல்ற் சீராக ஏறி 20ஐ நெருங்க வேண்டும். அதற்குமேல் கூட்டாதீர்கள். ஏறினால் டைனமோ நல்லது, பிழை கட்-அவுட் பெட்டியிலோ (டைனமோவைப் பற்றரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் பெட்டி) இடையிலுள்ள வயரிலோ. அரை, ஒரு வோல்ற்றில் நின்றால் பீல்ட் சுருளிலும், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரிலும் (உள்ளே சுற்றும் பகுதி) சந்தேகம். ஆனால் அதற்கு முன் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள்.

படுத்தால் விடியும்போது பற்றரி செத்திருக்கிறதா?

எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, எர்த் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பற்றரி முனைக்கும் இடையில் அந்தச் சோதனைப் பல்பைத் தொடுங்கள். எரிந்தால் எங்கோ கசிகிறது. பியூஸ் பெட்டியில் இரண்டு பியூஸ்தான் இருக்கும். ஏ1–ஏ2 பியூஸ் எப்போதும் மின்சாரமுள்ளது: ஹோர்ன், உள்லைற். ஏ3–ஏ4 திறப்புப் போட்டால் மட்டும். ஏ1–ஏ2ஐக் கழற்றியதும் பல்ப் அணைந்தால் கசிவு அந்தப் பக்கம். அணையவில்லை என்றால் டைனமோவின் டி வயரைக் கழற்றிப் பாருங்கள். கட்-அவுட் பெட்டியின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தால் பற்றரி இரவு முழுவதும் டைனமோவுக்குள் கொட்டும்; டைனமோவைத் தொட்டால் சுடும், அதுவே அடையாளம். அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வயர் தேடும்போது, இந்தக் கார்களின் மின்சாமான்களைச் செய்த லூக்காஸ் கம்பனியின் நிறக்கணக்குக் கைகொடுக்கும். பிரவுன் பற்றரியிலிருந்து நேரே வருவது, பியூஸ் இல்லை. வெள்ளை திறப்புக்குப் பிறகு. பச்சை, அது பியூஸைத் தாண்டிய பிறகு. நாவல் நிறம் எப்போதும் மின்சாரமுள்ள பியூஸ் பக்கம். நீலம் ஹெட்லைற், சிவப்பு சிறு லைற், கறுப்பு எர்த். ஹெட்லைற்றுக்கு அசலில் பியூஸே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு ரிலேயும் பியூஸும் போடுவது நல்ல செலவு. துணி சுற்றிய பழைய வயரைத் தேவையில்லாமல் வளைக்காதீர்கள், உள்ளே ரப்பர் பொரிந்து கொட்டும். பியூஸ் எரிந்தால் சிகரெற் பெட்டித் தகடு சுற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பியூஸில் 35 என்று போட்டிருப்பது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17.5 அம்பியர்தான். தகடு எதற்கும் எரியாது, கார்தான் எரியும்.

பின்லைற்றுகளில் வரும் விசித்திரங்களுக்கு, அதாவது பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது, இண்டிகேட்டர் போட்டால் சிறு லைற் துடிப்பது போன்றவற்றுக்கு, காரணம் ஏறக்குறைய எப்போதும் லைற் பூட்டியிருக்கும் இடத்தின் துருப்பிடித்த எர்த். புது பல்ப் வாங்க முன் சுரண்டுங்கள்.

ஜம்ப் கொடுப்பதும் போன் சார்ஜரும்

உதவிக்கு வரும் ஹையேஸ் மைனஸ் எர்த், உங்கள் ஏ40 பிளஸ் எர்த். பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்பது மாறாது. ஆனால் இரண்டு வாகனங்களின் பொடிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது: பம்பரோடு பம்பர் முட்டினால் அதுவே ஷோர்ட். ஓரடியாவது இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கேபிளின் எஞ்சிய முனையையும் கொழுவும்வரை எதிலும் படவிடாதீர்கள். கடைசிக் கொழுக்கியை உங்கள் காரின் பற்றரியில் கொழுவாமல், தள்ளி என்ஜின் இரும்பில் கொழுவுங்கள். பிளஸ் எர்த் காரில் அந்தக் கடைசிக் கொழுக்கி சிவப்பு. முடியுமென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஹான்டில் அடியுங்கள், அல்லது நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள். பழைய காரின் வசதியே அதுதானே.

யூஎஸ்பி சார்ஜர், ரேடியோ, எல்ஈடி பல்ப், எலக்ரோனிக் இக்னிசன் எல்லாம் மைனஸ் எர்த்தை நினைத்துச் செய்தவை. பிளஸ் எர்த் காரில் மாறிப் பூட்டினால் சில புகைந்துபோகும், சில சும்மா இருக்கும். இதற்காகக் காரையே மைனஸ் எர்த்துக்கு மாற்றலாம்: பற்றரியைத் திருப்பிப் பூட்ட வேண்டும், கொயிலின் இரண்டு மெல்லிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், அம்மீற்றர் இருந்தால் அதன் வயர்களையும். ஸ்டாட்டர் அதே பக்கம்தான் சுற்றும். டைனமோவுக்குப் புது முனை பழக்க, எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையைச் சில தடவை தொட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் என்ஜினை ஓட்டினால் கட்-அவுட் கருகும். நான் என் காரை மாற்றவில்லை. போன் சார்ஜ் பண்ண ஒரு பவர்பாங்க் போதும்.

காரை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமை ஓட்டிவிட்டுப் போகும் சொந்தக்காரரின் காரைப் பார்த்துக்கொள்பவர்கள், எர்த் பக்கத்தில் ஒரு கட்-ஓஃப் சுவிச் பூட்டிவிடுங்கள். பற்றரி வெறுமையாகக் கிடந்தால் உள்ளே தகடு வெளுத்துச் செத்துவிடும், பிறகு எந்தச் சார்ஜும் ஏறாது. நெல் மூட்டை அடுக்கும் கொட்டிலில் கார் நிற்கிறதென்றால் எலி வயரைத் தின்னும். மாரிக்கு முன் ஒருமுறை பொனற்றைத் திறந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.